வண்ணத்துக்கு முந்தைய வேலை: செங்கல்பட்டுக் கடற்கரையில் சுவர்ப் பூச்சின் வரலாறு

செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாகத் தெற்கே கடப்பாக்கம் வரை நீளும் கடற்கரையில், சுவரை வண்ணத்துக்குத் தயார் செய்யும் வேலைக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. இன்று வண்ணக் கடையில் 'பிரைமர்', 'பட்டி' என்று வாங்கும் பொருள்கள் புதியவை. பழைய பூச்சை என்ன செய்வது, அதன் மேல் எதைப் பூசினால் வண்ணம் ஒட்டும் என்ற கேள்விகள் பழையவை. பல்லவர் காலத்துச் சுதைக்காரரும் இன்றைய பெயிண்டரும் ஒரே கேள்வியைத்தான் சந்தித்தார்கள். அதற்குக் கிடைத்த விடையைப் பொறுத்தே சில ஓவியங்கள் பிழைத்தன, பல அழிந்தன.

ஓவிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கோட்டையும் நிறத்தையும் பற்றியே எழுதுகிறார்கள். வண்ணத்துக்கு அடியில் இருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் சுண்ணாம்பு அவர்கள் கண்ணில் அதிகம் படுவதில்லை. இக்கட்டுரை அந்த அடுக்கைப் பற்றியது.

சுதையின்றிக் கட்டியவரும் சுதை பூசியவரும்

முதலாம் மகேந்திரவர்மன் (ஏறத்தாழ கி.பி. 600-630) விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் குடைந்த கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இல்லாமல் அக்கோயிலை உருவாக்கியதாகப் பெருமையுடன் கூறுகிறது. இதிலிருந்து நாம் இன்னொன்றையும் அறியலாம். அவன் காலத்தில் கோயிலும் மாளிகையும் வழக்கமாக அந்த நான்கு பொருள்களால்தான் கட்டப்பட்டன. இல்லையென்றால் அவை இல்லாமல் கட்டியதில் என்ன பெருமை? புகார் நகரத்தின் செங்கல் மாளிகைகளில் வெண்சுதையின் மேல் தீட்டிய ஓவியங்களை மக்கள் நின்று பார்த்ததாக மணிமேகலையும் குறிப்பிடுகிறது. செங்கல், அதன் மேல் சுதை, அதன் மேல் வண்ணம் என்ற முறை குடைவரைகளுக்கு முந்தையது என்று கொள்ள இவை போதும்.

மண்டகப்பட்டுக் கல்வெட்டின் பெருமையை மட்டும் படித்தால், பல்லவர் சுண்ணாம்பையே விலக்கினார்கள் என்று தோன்றும். அது சரியல்ல. கட்டடத்தைத் தாங்கும் பொருளாகச் சுண்ணாம்பு தேவையில்லாமல் போனதே தவிர, மேற்பூச்சாக அது தொடர்ந்தது. 'சித்திரகாரப்புலி' என்பது மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களுள் ஒன்று. கல்லின் மேலே மெல்லிய சுதை பூசி, அதன் மேல் வண்ணம் தீட்டுவது பல்லவர் காலத்தில் வழக்கமாக இருந்தது. மாமல்லபுரத்தில் இன்றும் வழிபாட்டில் உள்ள ஆதிவராகர் குகைக் கோயிலில் சுதையும் வண்ணமும் கொண்ட திருமேனியைக் காணலாம். இன்று நாம் வெறும் கருங்கல்லாகப் பார்த்து ரசிக்கும் மாமல்லபுரம், அன்று முழுக்க அப்படியே காட்சியளித்திருக்காது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரே அரசன், இரண்டு கோயில்கள்

ராஜசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் (ஏறத்தாழ கி.பி. 700-728) கட்டிய கோயில்களில் இரண்டை ஒப்பிட்டால், பூச்சு எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பது விளங்கும். ஒன்று மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில். மற்றொன்று அங்கிருந்து சுமார் 65 கி.மீ. உள்நாட்டில் இருக்கும் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில். கடற்கரைக் கோயில் கருங்கல்லால் ஆனது. கைலாசநாதர் கோயில் கருங்கல் அடித்தளத்தின் மேல் மணற்கல்லால் எழுப்பப்பட்டது.

கல்லின் உறுதியை மட்டும் பார்த்தால் கடற்கரைக் கோயில்தான் நன்றாக இருக்க வேண்டும். நடந்தது வேறு. உப்புக் காற்றும் மணலும் அடித்து அதன் புறச் சிற்பங்கள் முகம் மழுங்கிவிட்டன. அங்கே வெளிப்பூச்சு நிலைக்க வழியே இல்லை. காஞ்சியிலோ, திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக அமைந்த 58 சிற்றாலயங்களில் சிலவற்றின் உட்சுவர்களில் பல்லவர் தீட்டிய ஓவியங்களின் பகுதிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1931இல் இவற்றை வெளியுலகுக்கு அறிவித்தார். அவற்றுள் சோமாஸ்கந்தர் ஓவியம் பலரும் அறிந்தது. மணற்கல் சொரசொரப்பானது, நுண்துளைகள் உள்ளது. சுதை அதில் நன்றாகக் கவ்விக்கொள்ளும். சிற்றாலயத்தின் உள்ளே மழையும் வெயிலும் நேராகப் படாது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அந்த ஓவியங்கள் நமக்குக் கிடைத்தன. அதே அரசன் பனைமலையில் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலிலும், குடையின் கீழ் ஒயிலாக நிற்கும் தேவியின் ஓவியம் ஒரு துணைச் சன்னிதியின் உட்சுவரில்தான் எஞ்சியது.

கருங்கல்லில் பூச்சு நிற்கவே நிற்காது என்பதில்லை. வழவழப்பான கருங்கல்லில் அது நழுவும். உளி கொத்திய தழும்புகள் இருந்தால் பிடித்துக்கொள்ளும். இன்றும் கொத்தனார், பழைய சுவரில் புதுப்பூச்சு ஏற்றுவதற்கு முன் உளியாலோ கொத்துச் சுத்தியாலோ சுவர் முழுவதும் கொத்திவிடுவதைப் பார்க்கலாம். பார்ப்பவருக்கு அது சுவரைக் கெடுப்பதுபோலத் தெரியும். அந்தக் குழிகள்தான் புதிய பூச்சுக்கு வேர்.

அடுக்குகளும் அவற்றின் வேதியியலும்

சுவர் ஓவியங்களின் அடித்தளத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்த முன்னோடி, சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன். 1930களில் அவர் காஞ்சிபுரம், சித்தன்னவாசல், தஞ்சாவூர் முதலிய இடங்களின் ஓவியப் பூச்சுகளை ஆராய்ந்து எழுதினார். பொதுவான அமைப்பு இதுதான்: முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த சொரசொரப்பான அடிப்பூச்சு. அதன் மேல் மிக மெல்லிய, வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு. அதன் மேல் வண்ணம். அடிப்பூச்சு சுவரின் மேடுபள்ளத்தை நிரப்பும். மேற்பூச்சு வண்ணத்துக்கு வெண்மையான, ஒரே சீராக நீர் உறிஞ்சும் தளத்தைத் தரும். இன்று பட்டியும் பிரைமரும் பிரித்துக்கொண்டு செய்யும் வேலை இதுவே.

சுண்ணாம்பு எப்படி வண்ணத்தைப் பிடித்து வைக்கிறது? கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட். காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீற்றாத சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி நீற்றிய சுண்ணாம்பாகும். சுவரில் பூசியபின், காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக மாறும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணத்தைத் தீட்டினால், இந்த மாற்றம் நடக்கும்போது வண்ணத்துகள்கள் கல்லுக்குள் சிறைப்பட்டுவிடும். இது ஈரச்சுதை ஓவியம். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் இவ்வகை என்பது பரமசிவனின் முடிவு. உலர்ந்த பூச்சின் மேல் பசை கலந்த வண்ணத்தைத் தீட்டினால் அது உலர்சுதை ஓவியம். இதில் வண்ணம் மேலே ஒட்டியிருக்கும், உள்ளே இறங்காது. பசை கெட்டால் வண்ணம் உதிரும்.

வடமொழி நூலான விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி, சுவரைத் தயார் செய்யச் செங்கல் தூள், களிமண், சுண்ணாம்பு, மணல், பிசின், மெழுகு, வெல்லம், பயறு, வில்வக்காயின் சதை என்று ஒரு மளிகைப் பட்டியலையே தருகிறது. சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறதே என்று சிரிக்க வேண்டாம். நம் கொத்தனார்கள் அண்மைக்காலம் வரை கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில்தான் சுண்ணாம்பைக் குழைத்தார்கள்.

கிளிஞ்சலும் 'சென்னைச் சுண்ணமும்'

இந்தக் கடற்கரைக்கு வாய்த்த செல்வம் கிளிஞ்சல். கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் அள்ளிய கிளிஞ்சலைச் சுட்டால் கிடைக்கும் சுண்ணாம்பில் களிமண் கலப்பு மிகக் குறைவு. அதனால் வெண்மை அதிகம், மெருகும் ஏறும். ஒரு நிபந்தனை உண்டு: சுடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும். கடல்மணலைக் கலவையில் சேர்க்கக்கூடாது என்பதற்கும் காரணம் இந்த உப்பே. பூச்சுக்குள் தங்கிய உப்பு மழைக்காலத்தில் கரைந்து, வெயில் காலத்தில் படிகமாகும். படிகம் வளரும்போது மேலே உள்ள பூச்சைத் தள்ளும். 'சுவர் உப்பரிக்கிறது', 'பொரிகிறது' என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆங்கிலேயர் இந்தப் பூச்சைக் கண்டு வியந்தனர். 'சுண்ணம்' என்ற சொல் 'சுனாம்' ஆகி அவர்கள் மொழியில் நுழைந்தது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், சென்னையில் சிறந்த காரை செய்யும் முறையை எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது 1732 வாக்கில் வெளிவந்தது. வெல்ல நீர், கடுக்காய் நீர், மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கரு, நெய், தயிர் என்று நம் கொத்தனாரின் கைப்பக்குவம் அதில் பதிவானது. கடைசிப் பூச்சுக்கான சுண்ணாம்பைப் பெண்கள் அம்மியில் வெண்ணெய்போல அரைத்தார்கள். பூசியபின் வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்த்தார்கள், மாக்கல் தூள் தூவி மெருகேற்றினார்கள். சென்னைப் பட்டணத்து மாளிகைத் தூண்களைப் பார்த்த பயணிகள் அவற்றைப் பளிங்கு என்றே எண்ணினர். அந்தத் தூண்களைக் கட்டவைத்தவர்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. அம்மியில் அரைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

இதே மரபின் இன்னொரு கிளை செட்டிநாட்டு வீடுகளின் முட்டைப் பூச்சு. அதைப் பார்க்கக் காரைக்குடிக்குப் போக முடியாதவர்கள், முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம். செட்டிநாட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அமைத்த வீடு அங்கே உள்ளது.

தாள் ஏன் இங்கே ஒட்டவில்லை?

சுண்ணம் மெருகேறிய அதே நூற்றாண்டில், ஐரோப்பாவில் செல்வர் வீட்டுச் சுவர்களில் தாள் ஒட்டும் வழக்கம் பரவியது. இதில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் கையால் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள், டச்சு, ஆங்கிலக் கம்பெனிகளின் கப்பல்களில் ஐரோப்பா சென்று, அங்கே படுக்கை விரிப்பாகவும் சுவர்த் தொங்கலாகவும் ஆயின. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டித் தங்கியதும் துணி வாணிபத்துக்காகவே. உள்ளூர் நெசவாளரைக் காக்க இங்கிலாந்து 1700இலும் 1721இலும் இந்தத் துணிகளுக்கு எதிராகச் சட்டம் போட வேண்டியதாயிற்று. துணியின் கொடியும் பூவும் சுவர்த்தாள் அச்சிலும் ஏறின. சீனாவில் செய்து கம்பெனிக் கப்பல்களில் வந்த சுவர்த்தாளை அக்காலத்து ஆங்கிலேயர் 'இந்தியத் தாள்' என்றே அழைத்தார்கள். செய்த இடத்தின் பெயரை விட்டுவிட்டு, கொண்டுவந்த கம்பெனியின் பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தத் தாள் நம் கரையில் வேரூன்றவில்லை. காரணம் எளியது. தாளை ஒட்டும் மாவுப்பசை பூச்சிக்கும் பூஞ்சைக்கும் தீனி. தாள் கரையானுக்குத் தீனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடிக்கும், பிறகு அந்த ஈரத்தை வெளிவிட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அதற்கு வழிவிடும், தாள் மறிக்கும். மேலும், மெருகேற்றிய சுண்ணத்தின் மேல் தாளை ஒட்டுவது தேக்கு மரத்துக்கு மேல் தகரம் அடிப்பதைப் போன்றது.

வெள்ளையடித்ததும் உரித்ததும்

சாதாரண வீடுகளில் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பது ஆண்டுச் சடங்கு. நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியோ வச்சிரமோ சேர்த்து, வெண்மை எடுப்பாகத் தெரிய நீலம் கலந்து, மட்டையால் அடிப்பார்கள். மலிவானது, பூச்சிகளைக் கொல்லும், சுவரும் மூச்சுவிடும். ஒரே குறை, ஆண்டுக்கு ஒரு பூச்சாக ஏறிக்கொண்டே போவது. ஐம்பது ஆண்டில் செதில் செதிலாகத் தடித்துவிடும். அப்போது சுரண்டித்தான் ஆக வேண்டும்.

வீட்டுக்கு நல்லது செய்த இந்த வழக்கம் கோயிலுக்குள் நுழைந்தபோது இழப்பு நேர்ந்தது. திருப்பணி என்றால் வெள்ளையடிப்பது என்றாகி, தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் ஓவியங்கள் சுண்ணாம்புக்கு அடியில் போயின. பின்னர் வெள்ளையைப் போக்க வந்தவர்கள் சில இடங்களில் மணல் வீச்சு முறையைக் கையாண்டார்கள். அழுத்தக் காற்றில் மணலை அடித்தால் சுண்ணாம்பு போகும். கூடவே கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் நகக்கண்ணும் போகும். தொல்லியல் அறிஞர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தது நியாயமே. என் கருத்தில், வெள்ளையடித்தவரைவிட மணல் வீசியவர் செய்த கேடே பெரிது. வெள்ளை மூடியது, ஒருநாள் திறக்கலாம். தேய்ந்த எழுத்தை எவராலும் மீட்க முடியாது.

மூடிய பூச்சு காப்பாகவும் ஆகலாம் என்பதற்குத் தஞ்சாவூரைவிடச் சிறந்த சான்று இல்லை. 1931 ஏப்ரலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, பெரிய கோயிலின் இருண்ட உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறோர் ஓவியம் இருப்பதைக் கண்டார். அது சோழர் ஓவியம். நாயக்கர் கால ஓவியர்கள் சோழர் பூச்சின் மேலேயே தங்கள் பூச்சை ஏற்றியிருந்தார்கள். இப்போது தொல்லியல் துறைக்கு ஓர் இக்கட்டு. மேலே இருப்பதும் வரலாறு, கீழே இருப்பதும் வரலாறு. எதைச் சுரண்டுவது?

விடை, எதையும் சுரண்டாமல் உரிப்பது. மேல் ஓவியத்தின் முகத்தில் மெல்லிய துணியைப் பசையால் ஒட்டி, அந்தப் பூச்சை அடிப்பூச்சிலிருந்து பொறுமையாகப் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் பதித்தார்கள். சுவரில் ஒட்டிய தாளைக் கிழியாமல் உரிப்பதைப் போன்ற வேலைதான், ஆனால் உரிபட்டது நூற்றாண்டுகள் பழைய சுண்ணாம்பு. இன்று சோழர் ஓவியம் சுவரிலும், நாயக்கர் ஓவியம் பலகையிலுமாக இரண்டும் அதே கோயிலில் இருக்கின்றன.

சிமெண்ட் வந்த பிறகு

இருபதாம் நூற்றாண்டில் சிமெண்டும், டிஸ்டெம்பரும், பின்னர் எமல்ஷனும் வந்தன. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. புதிய சிமெண்ட் பூச்சு கடும் காரத்தன்மை உடையது. அதன் மேல் நேரே வண்ணம் அடித்தால் நிறம் வெளுக்கும், எண்ணெய் வண்ணமானால் சவர்க்காரம்போல இளகும். பிரைமர் இந்தக் காரத்தைத் தடுக்கவும், சுவர் ஒரே சீராக உறிஞ்சவும் பயன்படுகிறது.

பழைய வீடுகளில்தான் சிக்கல். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துப் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளைப் புதுப்பிக்கும்போது பலர் வெள்ளையைச் சுரண்டாமலே எமல்ஷன் அடிக்கிறார்கள். அடியில் இருக்கும் சுண்ணாம்பு மாவாக உதிர, வண்ணம் அப்பளம்போலப் பெயர்ந்து வருகிறது. வேறு சிலர் நன்றாகச் சுரண்டிவிட்டு சிமெண்டும் பட்டியும் பூசி மூடுகிறார்கள். இது இன்னும் கெடுதல். சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, செங்கல்லையே அரிக்கிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பாலேயே ஒட்டுப் போட வேண்டும். அப்படிப் போடத் தெரிந்த கொத்தனார்களும், நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பும் கிடைப்பது அரிதாகி வருவதுதான் இதில் பெரிய இடர். கடப்பாக்கம் ஆலம்பரைக் கோட்டையில், பூச்சு போன பின் கடற்காற்றில் செங்கல் எப்படிக் கரைகிறது என்பதை நேரிலேயே பார்க்கலாம்.

ஒரு காலத்தில் ஒட்டாத தாளும் இப்போது வந்துவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளில் பிளாஸ்டிக் பூசிய சுவர்த்தாள் ஒட்டுகிறார்கள். சில மழைக்காலம் கழிந்து ஓரம் தூக்கியதும் உரித்துவிட்டு வண்ணம் அடிக்க நினைக்கிறார்கள். மேலுறை எளிதில் வந்துவிடும். அடித்தாளும் பசையும் சுவரிலேயே நிற்கும். வெந்நீர் தடவி ஊறவிட்டு, தகட்டால் பையச் சுரண்டி, பசை முழுவதும் போகும்வரை பஞ்சால் கழுவ வேண்டும். கழுவிய சுவரைத் தொட்டால் வழுவழுப்பு இருக்கக்கூடாது. மிஞ்சிய பசை வண்ணத்தை விரிசல் விடச் செய்யும், மழைக்காலத்தில் கறுப்புப் பூஞ்சையாகவும் வெளிப்படும். பிறகு சில நாள் நன்றாக உலரவிட வேண்டும். ஈரக்கசிவு இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். அதன்பின் பட்டியால் குழிகளை நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்து, கடைசியில் வண்ணம். நாளைக் குறைக்க விரும்புவோர் சுருக்குவது பெரும்பாலும் உலரவிடும் நாள்களைத்தான். சுவர் பிறகு அதை நினைவூட்டும்.

பழைய வீட்டிலோ ஊர்க்கோயிலிலோ வெள்ளையைச் சுரண்டும்போது அடியில் காவியோ பச்சையோ கோடாகத் தென்பட்டால், அங்கேயே கையை நிறுத்திவிட வேண்டும். படம் எடுத்து, தொல்லியல் துறையினருக்குத் தெரிவிக்கலாம். இன்னும் ஒரு சாண் சுரண்டிப் பார்ப்போம் என்ற ஆவல் இயல்பானது. அந்த ஒரு சாணில்தான் ஒரு முகம் இருந்திருக்கும்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் இந்தியத் தொல்லியல் துறை செய்துவரும் ஒரு வேலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கல்லுக்குள் ஊறிய உப்பை வெளியே எடுக்க, உப்பில்லாத நீரில் குழைத்த காகிதக் கூழை அதன் மேல் கனமாக அப்புகிறார்கள். கூழின் ஈரம் கல்லுக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. கூழ் காயும்போது உப்பு அதனுள் ஏறிவிடுகிறது. காய்ந்த கூழை உரித்தெடுத்து, எவ்வளவு உப்பு வந்தது என்று அளக்கிறார்கள். அளவு குறையும்வரை மறுபடி அப்புகிறார்கள். கடல் பக்கத்திலேயே இருப்பதால், சில ஆண்டுகள் கழித்து இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.